டிக் டிக் என்று கேட்டது குண்டு இல்லை, என் நெஞ்சு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷம் ஆகிறது. மகளுடைய பழைய நோட்டை எடுப்பேன். மேலே ‘அம்மன் துணை’ என்று எழுதுவேன். அதற்குக் கீழே பேனா நகராது. எட்டாவது வரை படித்தவள் என்னத்தை எழுதப் போகிறாள் என்ற கூச்சம் ஒன்று. சாமி கும்பிடுகிறவர்கள் படித்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம் இன்னொன்று. நோட்டை மூடி அரிசிப் பானை மேல் வைத்துவிடுவேன்.

போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். இதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆனவள். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காது வலி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ஏன் அடைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பஞ்சு வைத்தால் அந்தச் சத்தம் இன்னும் கூடத்தான் கேட்கும் என்பதும் தெரியும். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, விளக்கு ஏற்றிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் அஞ்சலாட்சி. மரக்காணம் பக்கம் உப்பளத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பாத்தி உண்டு. வீட்டுக்காரர் பாத்தியில் உப்பு வாருவார், நான் கூடை சுமந்து மேட்டில் கொட்டுவேன். அந்த வருஷம் சித்திரை வெயிலில், பத்துக் கூடை சுமந்தாலும் வராத மூச்சு வாங்கல் இரண்டாவது கூடையிலேயே வந்தது. வயசாகிறது என்று நினைத்தேன். அப்புறம் கோயில் படி மூன்று ஏறினாலே நின்று மூச்சு விட வேண்டியிருந்தது. கால் வீங்கியது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று ஊறிய கால் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எக்கோ (ஒலி அலையை விட்டு இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். சின்ன வயசில் தொண்டைப் புண்ணோடு வந்த மூட்டுக் காய்ச்சல், நமக்குத் தெரியாமல் இதயத்துக்குள் இருக்கும் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று டாக்டர் அம்மா சொன்னார். வால்வு என்றால் என்ன என்று கேட்டேன். ரத்தம் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகத் திறந்து மூடும் கதவு என்றார்.

“எங்க பாத்திக்குப் பாத்தி மடை இருக்குது. அந்த மாதிரிங்களா?” என்றார் வீட்டுக்காரர்.

“அதேதான். உங்க வீட்டம்மாவுக்கு மடை இறுகிப் போச்சு. மாத்திதான் ஆகணும்.”

மடையை மாற்றுவது எங்களுக்குப் புதிதில்லை. அதனால் அந்த நேரம் பயம் வரவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தது. நெஞ்சு எலும்பை அறுத்துத் திறப்பார்கள் என்று நர்ஸ் பொண்ணு சொன்னாள். தலையணைக்கு அடியில் வைத்திருந்த அம்மன் படத்தை எடுத்தேன். “தாயே, நான் எழுந்து நடந்தால் இனிமேல் சினிமா பார்க்க மாட்டேன்” என்று வேண்டிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு சினிமா என்றால் உயிர். அதிலும் சண்டைப் படம். அழுகைப் படம் ஓடினால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். ஒரு ஆள் பத்துப் பேரை அடித்தால் சோற்றை மறந்து பார்ப்பேன். பிரியமானதை விட்டால்தான் அம்மன் நம்புவாள். அதனால் அதை விட்டேன்.

எழுந்தேன். நெஞ்செலும்பைக் கம்பியால் தைத்திருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். வலி தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. தாங்க முடியாதது வேறு. இரண்டாம் நாள், எல்லா மிஷினையும் கழற்றி வார்டுக்கு அனுப்பிய பிறகு, மதிய நேரம் சந்தடி அடங்கியபோது கேட்டேன். டிக். டிக். டிக். பக்கத்தில் கடிகாரம் இல்லை.

எனக்கு வைத்தது உலோக வால்வு. அது மூடும்போதெல்லாம் ஒரு சின்னச் சத்தம் வரும். நான் ஒல்லி. ஒல்லியானவர்களுக்கு வெளியிலும் கேட்கும் என்று டாக்டர் அம்மா சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து, மிச்சம் இருக்கிற நாளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு இருப்பதாகவே தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். கோயில் வாசலில் விற்பார்களே, பட்டனை அழுத்தினால் ஒரே மந்திரத்தை நாள் முழுக்கச் சொல்லும் பெட்டி, அதை வாங்கிவரச் சொன்னேன். மஞ்சள் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ‘ஓம் சக்தி, ஓம் சக்தி’ என்று அது பாடிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் சத்தம் மறைந்துவிடும். ஊரில் எல்லோரும், ‘ஆபரேஷனுக்கு அப்புறம் அஞ்சலாட்சிக்கு எவ்வளவு பக்தி பாரு’ என்றார்கள். பக்தி இருந்தது, பொய் இல்லை. ஆனால் பெட்டி மாட்டியது பக்திக்காக இல்லை.

கல்யாணத்துக்குப் போகவில்லை. நடுவில் மேளம் நின்று சந்தடி அடங்கினால் என்ன ஆவது? கோயிலுக்கும் போகவில்லை. நடக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியும், சிரித்தால் கம்பி பிரிந்துவிடும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பத்து மாதம் இப்படியே போனது.

இன்னொன்றும் செய்தேன். இந்த நோய் உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை முழு விரதம். பச்சைத் தண்ணீர் கூட வாயில் படாது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போடச் சொல்லியிருந்த மாத்திரையை வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுவிட்டேன். மாத்திரை போட்டால் விரதம் கெட்டுவிடும், ஒரு நாள்தானே, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் பாத்தி எல்லாம் மூழ்கி, உப்பள வேலை நின்றிருந்த சமயம். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்கப் புதுச்சேரி போக வேண்டும். வீட்டுக்காரர் உப்பு மேட்டுக்கு ஓலை போர்த்தப் போயிருந்தார். துணைக்கு என் நாத்தனார் தேவகி வந்தாள். அவள் வாய் திறந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

சோதனைச் சீட்டைப் பார்த்ததும் டாக்டர் அம்மா முகம் மாறிவிட்டது.

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

“போடுறேங்க. வெள்ளிக்கிழமை மட்டும் விரதம்…”

அவர் பேனாவை மேசை மேல் வைத்தார். “அம்மா, அந்த மாத்திரை ரத்தம் கட்டாம இருக்குறதுக்கு. வாரம் ஒரு நாள் விட்டீங்கன்னா வால்வு மேல ரத்தம் உறையும். கதவு மாட்டிக்கும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த டிக் டிக் சத்தம் உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரியும். ஆனா அது மங்கினாலோ நின்னாலோ பஸ்ஸுக்குக்கூட நிக்காதீங்க, வண்டி புடிச்சு ஓடி வாங்க. கேட்டுக்கிட்டே இருந்தா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்.”

தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

வெளியே வந்தால் மழை. தெரு தெரியவில்லை. எதிரில் ஒரு சினிமா தியேட்டர். தேவகி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணி, மழை விடுற வரைக்கும் உள்ள உக்காரலாம் வா.”

“ஏய், நான் வேண்டுதல்ல இருக்கேன்டி.”

“நீ என்னா வேண்டுன? பாக்க மாட்டேன்னுதான? கண்ணை மூடிக்கோ. நான் பாக்குறேன்.”

வாசலில் பையைச் சோதித்த ஆள் என் கழுத்தையே பார்த்தார். “அம்மா, உள்ள அந்தப் பெட்டி பாடக் கூடாதுங்க. ஆஃப் பண்ணிருங்க.” பத்து மாதத்தில் முதல் தடவையாக அதை நிறுத்தினேன். துணியை உருவிவிட்டு நடுத்தெருவில் நிற்பது போல் இருந்தது.

சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கால் மணி நேரம் அப்படியே இருந்தேன், சத்தியம். ஆனால் காதை எதைக் கொண்டு மூடுவது? ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தேவகி என் தொடையில் அடித்து அடித்துச் சிரிக்கிறாள். ஒரு கட்டத்தில், “ஐயோ அண்ணி, கெழவி லாரி மேல ஏறிட்டா!” என்றாள். முந்தானையை எடுத்துவிட்டேன். என்னை மீறிப் போய்விட்டது.

அந்தப் படத்தைச் சொல்ல இப்போதும் ஆசை ஆசையாக வருகிறது. மூன்று பேர், வயசானவர்கள். சின்ன வயசில் அரசாங்கத்துக்கு உளவாளியாக இருந்தவர்கள். எதிரிகள் தேடக் கூடாது என்று, செத்துவிட்டதாக ஆபீஸிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஒருத்தருக்குக் காது கேட்காது, மிஷின் வைத்திருக்கிறார். ஒருத்தருக்கு முட்டி வலி. மூன்றாவது ஒரு அம்மா, ஊறுகாய் போட்டு விற்கிறாள். இவர்கள் பென்ஷன் கேட்கப் போனால், ‘நீங்கதான் செத்துட்டீங்களே, உயிரோட இருக்கீங்கன்னு பெரிய ஆபீசர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். இவர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலையப் போய், உயிரோடு இருப்பது பழைய எதிரிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும், இன்னொரு பக்கம் உயிரோடு இருப்பதை மறைக்க வேண்டும். எப்படி இருக்கும் பாருங்கள்!

முட்டி வலிக்காரர் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். வில்லன் ஆள் துப்பாக்கியோடு வருகிறான். இவர் மூச்சு விடாமல் குந்துகிறார். முட்டி ‘டக்’ என்கிறது. “யாருடா அது?” என்கிறான் அவன். இவர் பாவமாக, “என் முட்டிங்க” என்கிறார். சொல்லிவிட்டு எழுந்து ஒரே குத்து! தியேட்டரே கத்தியது. நானும் கத்தினேன்.

அப்புறம்தான் அது நடந்தது. ஊறுகாய்க் கடையில் நாற்பது ஜாடி. ஒன்றில் குண்டு. எந்த ஜாடி என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் காது கேட்காதவர்தான் ஆள், மற்ற இரண்டு பேரும் வில்லனிடம் மாட்டிக்கொண்டார்கள். அவர் மிஷினைத் திருகித் திருகி ஒவ்வொரு ஜாடியாகக் காதை வைக்கிறார். பாட்டு, கூத்து எல்லாம் நின்று திரையில் டிக் டிக் மட்டும். தியேட்டரில் ஒருத்தர் மூச்சு விடவில்லை.

என் நெஞ்சும் பரபரப்பில் வேகமாக அடித்தது. டிக்டிக்டிக்டிக்.

முன் வரிசையில் ஒரு மீசைக்காரர் பொண்டாட்டியிடம் மெதுவாகச் சொன்னார். “என்னா சவுண்டு பாரு! நம்ம பின்னாடியே வச்ச மாதிரி கேக்குது.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பையைத் தடவிப் பெட்டிப் பட்டனைத் தேடினேன். இருட்டில் கிடைக்கவில்லை. திரையில் அந்தத் தாத்தா சரியான ஜாடியைப் பிடித்து, எண்ணெய்க்குள் கையை விட்டுக் குண்டை எடுத்து ஒயரைக் கடித்தார். டிக் டிக் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

என்னுடையது நிற்கவில்லை.

மீசைக்காரர் மெல்லத் திரும்பினார். என் மடியைப் பார்த்தார், மஞ்சள் பையைப் பார்த்தார். அந்தம்மா காலைத் தூக்கி சீட்டு மேல் வைத்துக்கொண்டது. “ஏங்க, எழுந்திருங்க, போயிடலாம்.”

தேவகி எழுந்து நின்றுவிட்டாள். “எங்கயும் போவாதீங்க! அது குண்டு இல்ல, எங்க அண்ணி நெஞ்சுங்க. ஆபரேஷன் பண்ணி புது வால்வு வச்சிருக்குது. வெடிக்காது, நீங்க படத்தைப் பாருங்க!”

மீசைக்காரர் என்னையே பார்த்தார். வாயில் வந்ததைச் சொன்னேன். “என் கதவுங்க.”

முதலில் சிரித்தது அந்தம்மாதான். அப்புறம் அந்த வரிசை, அடுத்த வரிசை. அதற்கு அப்புறம் நான். வயிற்றிலிருந்து வந்தது. நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கம்பி பிரியவில்லை. எலும்பு பிளக்கவில்லை. கைக்கு அடியில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கிட்டே இருந்தா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம் என்று டாக்டர் அம்மா காலையில் சொன்னது, மத்தியானம் அந்த இருட்டில்தான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் அந்த மூன்று பேரும் வில்லனை ஓடுகிற ரயிலில் துரத்தி அடிக்கிறார்கள். பார்த்தால் அவனேதான் அந்தப் பெரிய ஆபீசர். அவனைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ‘இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்’ என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களே! கொல்ல வந்தவன் கையாலேயே! நான் கைதட்டிய தட்டலில் வளையல் உடைந்தது.

வெளியே வந்தபோது மீசைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். “அம்மா, எங்க அம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான் சொல்லிருக்காங்க. வேணாம்னு அடம் புடிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா?” போனைப் போட்டுக் கொடுத்தார். எனக்கு என்ன சொல்லத் தெரியும்? போனை நெஞ்சில் வைத்தேன். அப்புறம் காதில் வைத்து, “கேக்குதாம்மா?” என்றேன்.

“கேக்குது. என்னாது, கடியாரமா?”

“இல்லம்மா. நான்தான்.”

திரும்பும்போது கீழ்புத்துப்பட்டு தாண்டுகையில் பஸ்ஸில் எல்லோரும் அய்யனாரை நோக்கிக் கும்பிட்டார்கள். என் கை பாதியில் நின்றது. வேண்டுதலை உடைத்துவிட்டு வருகிறவள் எந்த முகத்தோடு கும்பிடுவது? தேவகியிடம், “யாருக்கும் சொல்லிடாதடி” என்றேன். அவள் வாயை மூடிக் காட்டினாள்.

மறுநாளிலிருந்து பெட்டியைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டேன், விளக்கு ஏற்றும்போது மட்டும் பாடும். வெள்ளிக்கிழமை மாத்திரையை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கினேன். உப்பளம் வரை நடந்தேன். பக்கத்துப் பாத்திக்காரர், “என்னாம்மா சத்தம்?” என்று கேட்டால், “என் கதவுங்க” என்பேன். எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

அடுத்த ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது பூசாரி மைக்கில் சொன்னார். “நம்ம அஞ்சலாட்சி சினிமாவை விட்டுச்சு. தாயி உசுரைக் குடுத்தா. பாருங்க, பத்து மாசம் படுத்திருந்தது எப்படி நிக்குதுன்னு!” எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு ஆயா என் காலைத் தொட வந்தாள். நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் உச்சிப் பொழுதில் தனியாகக் கோயிலுக்குப் போனேன். ஆள் இல்லை. கருவறை முன்னால் நின்றால் என் சத்தம் மட்டும்தான். “தாயே, நான் பார்த்துட்டேன்” என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. எந்தப் படம் என்று சொல்ல ஆரம்பித்து, முட்டி, ஊறுகாய் ஜாடி, ரயில் வரைக்கும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே சிரித்துவிட்டேன். அம்மன் முகம் எப்போதும் போல்தான் இருந்தது. எனக்குத்தான் இலேசாக இருந்தது. சினிமாவுக்குப் பதில் ஊறுகாயை விட்டுவிடுகிறேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். சத்தியமாக, அதுதான் எனக்கு இன்னும் பெரிய பிரியம். டாக்டர் அம்மாவுக்கும் அதில் ரொம்ப சந்தோஷம்.

வீட்டுக்காரரிடமும் அன்றைக்கே சொன்னேன். அவர் பாத்தி மடையில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

“தேவகி அன்னிக்கே சொல்லிட்டா. நீ சிரிச்சேன்னு சொன்னா. அது போதும்னு விட்டுட்டேன்.”

“திட்டமாட்டீங்களா?”

“திட்றது இருக்கட்டும். கடைசியில அந்தக் கையெழுத்தை வாங்குனாங்களா இல்லையா? அதைச் சொல்றதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சுன்னு ஓடிட்டா.”

வரப்பில் உட்கார்ந்து முழுப் படத்தையும் சொன்னேன்.

இப்போது பாத்தியில் நின்றால் காற்றும், உப்பு வாரும் பலகை உரசுவதும், என் டிக் டிக்கும் சேர்ந்து கேட்கும். முன்னால் அது மிச்ச நாளைக் கழிப்பதாக நினைத்தேன். இப்போது ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கையெழுத்து விழுவதாக நினைத்துக்கொள்கிறேன். ‘இவள் உயிரோடு இருக்கிறாள்.’ ‘இவள் உயிரோடு இருக்கிறாள்.’ எந்த ஆபீசரையும் தொங்கவிட வேண்டியதில்லை. உடம்பு முன்னால் எனக்கு ஒரு கூடை தூக்கும் சாமான். இப்போது அது என்னோடு பேசிக்கொண்டு வருகிறது.

பஞ்சு வைத்திருந்த பெண்ணே, உன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இது உன் கைக்கு வந்தால் பஞ்சை எடுத்துவிடு. மற்றவர்களுக்கும் சொல்கிறேன். நெஞ்சில் கதவு மாற்றியவர்கள், மாற்றப் பயப்படுகிறவர்கள் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம். படத்தை விட்டுவிட்டு அம்மனை மட்டும் சொல்லாதீர்கள். அம்மனை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரையை விட்டுவிட்டு இரண்டையும் சொல்லவே சொல்லாதீர்கள்.